இரண்டு பேர், ஒரே தீவு, எட்டு நாள்: நக்சோஸுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கிரேக்கத் தீவு என்றதும் பலருக்கும் சான்டோரினிதான் நினைவுக்கு வரும். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். நானும் என் கல்லூரித் தோழியும் முதலில் போட்ட திட்டத்தில் எட்டு நாளுக்கு நான்கு தீவுகள் இருந்தன. ஒரு மாலை உட்கார்ந்து கப்பல் நேரம், அறை காலி செய்யும் நேரம், அடுத்த அறை திறக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். கடலில் இறங்க மொத்தமாக ஒன்றரை நாள்தான் மிஞ்சியது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு தாளில் நக்சோஸ் என்று ஒரே பெயரை எழுதினோம். முதல்முறை போகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஒரு தீவு போதும். இருக்கிற நாள் முழுவதையும் அதற்கே கொடுங்கள்.

ஏன் நக்சோஸ்? ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் அதுதான் பெரியது, சுமார் 430 சதுர கிலோமீட்டர். பக்கத்துத் தீவுகளைப் போல வறண்ட பாறையாக இல்லாமல் மலை, பள்ளத்தாக்கு, ஆலிவ் தோப்பு, மாட்டுப் பண்ணை, உருளைக்கிழங்கு வயல் எல்லாம் அங்கே உண்டு. சுற்றுலாப் பயணிகள் வராத மாதங்களிலும் அது ஓர் ஊராக இயங்குகிறது. அதனால் சாப்பாடு நன்றாக இருக்கிறது, விலையும் சான்டோரினி, மிக்கோனோஸ் அளவுக்குக் கையைக் கடிப்பதில்லை. கடலும் மலையும் ஒரே இடத்தில் இருப்பது, நண்பரோடு போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டிக்கெட் போடுவதற்கு முன்

முதலில் மாதம். மே கடைசி, ஜூன், செப்டம்பர் ஆகியவை நல்ல காலம். செப்டம்பரில் கோடை முழுக்க வெயில் குடித்த கடல் இதமாக இருக்கும், கூட்டமும் வடிந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். சில நாள் மென்மையாக, சில நாள் மேசை மேலிருக்கும் தட்டைத் தூக்கும் அளவுக்கு. ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. ஏதென்ஸ்வாசிகள் பெருங்கூட்டமாகத் தீவுகளுக்குக் கிளம்பும் நேரம் அது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அறையும் கிடைக்காது, கப்பலில் இடமும் கிடைக்காது.

அடுத்தது, உங்கள் நண்பரோடு ஒரு பேச்சு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். இருபது வருடப் பழக்கம் என்றாலும், ஒரே அறையில் எட்டு நாள் என்பது வேறு விஷயம். நாங்கள் மூன்று கேள்விகளை எடுத்து நேராகப் பேசிக்கொண்டோம். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்ய மனம் ஒப்பும்? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்? இந்தப் பயணத்தில் உனக்குக் கிடைத்தே ஆகவேண்டிய ஒன்று எது? மூன்றாவது கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை, "ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கணும்" என்றாள். எனக்கோ மலைக் கிராமங்களும் பழைய கற்களும். இது தெரிந்த பிறகுதான் மற்ற எதையும் முடிவு செய்தோம்.

பணத்துக்கு ஒரு சுருக்கமான வழி உண்டு. போன முதல் நாளே இருவரும் ஆளுக்கு 150 யூரோ ஒரு சின்னப் பையில் போடுங்கள். சாப்பாடு, பேருந்து, தண்ணீர், காபி எல்லாம் அதிலிருந்து போகட்டும். தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். தனக்கென்று வாங்குவது அவரவர் காசு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு மேசையிலும் கணக்குப் பார்க்கும் சங்கடம் இதனால் அடியோடு போய்விடும்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் தங்குவது கிரேக்கத்தில் என்றால் கிரேக்க விசா மையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு. ஆனால் கோடைப் பயணத்துக்கு விசா மையத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே திண்டாட்டம், ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ, அதை ரூபாயில் வாங்குவார்கள், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு பத்தாண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவை வழக்கமானவைதான்.

நண்பர்களாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவன் மனைவிக்குத் திருமணச் சான்று இருக்கிறது, நண்பர்களுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. இருவரின் விண்ணப்பமும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். அறை முன்பதிவு என் பெயரில் மட்டும் இருந்ததால், தோழியின் கோப்பில் "தங்குமிடம் எங்கே?" என்ற கேள்வி வந்தது. விடுதிக்கு எழுதி இரண்டு பெயரும் உள்ள உறுதிச்சீட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. நீங்கள் முதலிலேயே இரண்டு பெயரையும் போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே பயணத் திட்டத்தை வைத்து, "இன்னாரோடு பயணம் செய்கிறேன்" என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல்முறை நுழைகிறவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆகலாம். இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த வண்டி என்று திட்டம் போடாதீர்கள்.

ஏதென்ஸிலிருந்து கப்பல் வரை

நக்சோஸில் சின்ன விமான நிலையம் ஒன்று உண்டு, ஏதென்ஸிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருந்தாலும் போகும்போதாவது கப்பலில் போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தீவு என்பது தண்ணீரைக் கடந்து போய்ச் சேரும் இடம். அந்த ஐந்து மணி நேரத்தில்தான் ஊர்க் கவலை உடம்பிலிருந்து இறங்குகிறது.

விமானம் இறங்கும் அன்றே கப்பல் வேண்டாம். பிரேயஸ் துறைமுகம் அருகே ஓர் இரவு தங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் நேராக பிரேயஸ் வரை போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒருவருக்கு 9 யூரோ. அகால நேரத்தில் இறங்கினால் எக்ஸ்96 என்ற பேருந்து இரவு பகலாக ஓடுகிறது, 5.50 யூரோ. ராஃபினா என்று இன்னொரு துறைமுகமும் உண்டு. விமான நிலையத்துக்கு அது பக்கம், ஆனால் கப்பல்கள் குறைவு.

கப்பலில் இரண்டு வகை. பெரிய கப்பல் மெதுவாக, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுத்துக்கொள்ளும், திறந்த மேல்தளம் உண்டு, கட்டணம் குறைவு. வேகக் கப்பல் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் போகும், ஆனால் பெரும்பாலும் உள்ளேயே உட்கார வேண்டும், காற்று கொஞ்சம் மிஞ்சினாலும் குலுக்கும், ரத்தாவதும் முதலில் அதுதான். பெரிய கப்பலில் சாதாரண டிக்கெட் எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் நிழல் பார்த்து உட்காருங்கள். வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர் கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் நல்லது, மாத்திரையைக் கிளம்ப அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். வாசல்களுக்கு எண் உண்டு, டிக்கெட்டில் எந்த எண் போட்டிருக்கிறது என்று முந்தின இரவே பாருங்கள். தவறான வாசலுக்குப் போய்விட்டால் பெட்டியோடு நெடுந்தூரம் நடக்க நேரிடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கப்பலின் பின்புறம் அகலமாகத் திறந்திருக்கும், லாரிகளோடு லாரிகளாக நாமும் அதே வழியாகத்தான் உள்ளே போகிறோம். ஏறியதுமே இரண்டு பக்கமும் பெட்டி அடுக்கும் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தீவின் பெயர். நக்சோஸ் என்று எழுதிய தட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பணமும் கடவுச்சீட்டும் உள்ள பையை மட்டும் மேலே எடுத்துப் போங்கள்.

இறங்குவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், எனக்கு அதை யாரும் முன்னால் சொல்லவில்லை. பல கப்பல்கள் நக்சோஸுக்கு முன்பு பாரோஸ் என்ற தீவில் நிற்கும். அறிவிப்பைக் கேட்டு ஒரு கூட்டம் எழுந்து போகும், நீங்களும் எழுந்துவிடாதீர்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நக்சோஸ் அறிவிப்பு வரும். அப்போது படியிறங்கி வண்டிகள் நிற்கும் கீழ்தளத்துக்குப் போய்விட வேண்டும். உள்ளே இருட்டு, டீசல் வாடை, லாரிகள் என்ஜினை முடுக்கும் உறுமல், நூறு பேர் பெட்டிகளோடு நெருக்கி நிற்கிறார்கள். கால்களுக்குக் கீழே கப்பல் பின்பக்கமாகத் திரும்புவது தெரியும். பிறகு சங்கிலிகள் முனகிக்கொண்டே இரும்புக் கதவு கீழே சாயத் தொடங்கும். மேலிருந்து ஒரு கீற்றாக வெளிச்சம், பின்பு வெள்ளை வீடுகள் அடுக்கிய ஒரு குன்று, பின்பு முழு ஊரும். கதவு கரையைத் தொட்டதும் ஊழியர் விசில் ஊதிக் கையசைப்பார், எல்லோரும் ஒரே மூச்சில் இறங்குவார்கள். கப்பல் சில நிமிடம்தான் நிற்கும், சாவகாசமாக மாடியிலிருந்து கிளம்பினால் அடுத்த தீவில்தான் இறங்க வேண்டியிருக்கும். தோழி என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவு திறப்பதைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

எங்கே தங்குவது

முதல்முறை என்றால் துறைமுக ஊரான ஹோராவிலோ, அதையொட்டிய அயோஸ் யோர்யோஸ் கடற்கரைப் பகுதியிலோ தங்குங்கள். பேருந்து நிற்குமிடம் துறைமுகத்திலேயே இருக்கிறது, கடைத்தெரு நடக்கும் தூரம், கடல் வாசலில். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. இரவில் அமைதி வேண்டும், எழுந்ததும் மணலில் கால் வைக்க வேண்டும் என்றால் அயா அன்னா அல்லது ப்ளாக்கா.

அறை கேட்கும்போது "இரண்டு தனிக் கட்டில்" என்று எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் ஒற்றைப் பெரிய கட்டில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு சின்ன பால்கனியும் ஓர் அடுப்பும் உள்ள அறையாக இருந்தால் காலை டீயும் முட்டையும் அறையிலேயே முடிந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறை வாடகைக்கு மேல் அரசு வரி ஒன்று உண்டு. அறைக்கு, ஓர் இரவுக்கு, எளிய விடுதியில் 2 யூரோவில் தொடங்கி 5 நட்சத்திர விடுதியில் 15 யூரோ வரை. பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்ததும் கேட்பார்கள்.

கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் மூடிக் கூடையில்தான் போட வேண்டும். குழாய்கள் குறுகல், அடைத்துக்கொள்ளும். நாடு முழுக்க இதுதான் வழக்கம்.

ஒரு நாளின் போக்கு

கோடையில் அங்கே ஒரு நாள் இரண்டாக மடிந்திருக்கும். காலை ஒன்று, மாலை ஒன்று, நடுவே ஒரு தூக்கம். மதியம் இரண்டு மணிக்கு மேல் சிறு கடைகள் பல மூடிவிடும், ஐந்தரை வாக்கில் சில திறக்கும். அதில் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை குடியிருப்புத் தெருவில் சத்தம் போடக்கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஜூனில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். நாங்கள் முதல் நாள் ஏழு மணிக்கே போய் காலி மேசைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் முதல் மதியம் படுத்து எழுந்து, அந்த ஊரின் நேரத்துக்கே மாறிவிட்டோம்.

முதல் மாலை போர்தாராவுக்குப் போங்கள். துறைமுகத்திலிருந்து ஒரு கல் பாதை சின்னத் திட்டு ஒன்றுக்குப் போகிறது. அதன் உச்சியில் பளிங்கால் ஆன ஒரு வாசல் மட்டும் தனியாக நிற்கிறது, ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். கி.மு. 530 வாக்கில் லிக்டாமிஸ் என்ற ஆட்சியாளர் தொடங்கிய கோயில், முடியவே இல்லை. கதவும் இல்லை, சுவரும் இல்லை, நிலைப்படி மட்டும் 2,500 ஆண்டாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. தீசியஸ் என்ற வீரன் தன் காதலி அரியாட்னியைத் தூக்கத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறிய தீவு இதுதான் என்கிறது கிரேக்கப் புராணம். பின்னால் மதுக் கடவுள் டயோனிசஸ் அவளைக் கண்டெடுத்தார். சூரியன் இறங்கும்போது கூட்டம் நெரியும். எல்லோரும் இறங்கிப் போன பிறகும் ஒரு கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். அலைச் சத்தமும் அந்த வாசலும் மட்டும் மிச்சமாக இருக்கும்.

பிறகு காஸ்ட்ரோ என்ற கோட்டைப் பகுதி. 1207இல் மார்க்கோ சானுடோ என்ற வெனிஸ்காரர் தீவைப் பிடித்துத் தன் தலைநகரை அங்கே அமைத்தார். குறுகலான சந்துகள், வளைவுகள், சுண்ணாம்பு பூசிய படிகள். வழி தவறினால் கீழே இறங்கிக்கொண்டே இருங்கள், கடல் வந்துவிடும்.

கடல்

அயோஸ் யோர்யோஸ் ஆழமில்லாதது. நீச்சல் தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம், என் தோழி அப்படித்தான் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்றாள். மேற்குக் கரையில் தெற்கே போகப் போக அயோஸ் ப்ரோகோபியோஸ், அயா அன்னா, ப்ளாக்கா என்று மணல் தொடர்கிறது. எல்லாவற்றுக்கும் ஹோராவிலிருந்து பேருந்து உண்டு. டிக்கெட்டை ஏறும் முன்பே பேருந்து அலுவலகத்திலோ இயந்திரத்திலோ வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

குடையும் சாய்வுப் படுக்கையும் வாடகைக்குத்தான். விலை வரிசைக்கு வரிசை மாறும், உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். சொந்தத் துண்டை விரித்து மணலில் படுக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. வெயில் ஏமாற்றும். காற்று குளிர்ச்சியாக வீசிக்கொண்டே இருப்பதால் தோல் கருகுவது மாலையில்தான் தெரியும். பாறை உள்ள இடங்களில் கடல் முள்ளெலிகள் இருக்கும், ரப்பர் செருப்புப் போட்டு இறங்குங்கள். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் அலை சிறியதாகத் தெரிந்தாலும் இழுப்பு அதிகம். நீங்கள் எந்த உடையில் குளித்தாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முழங்கால் வரை நீச்சலுடை போட்ட பாட்டிகளும் இருந்தார்கள், இரண்டு துண்டு உடையில் பாட்டிகளும் இருந்தார்கள்.

மலைப் பக்கம்

கடற்கரையோடு திரும்பிவிடுகிறவர்கள் நக்சோஸின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டத் தெரிந்தால் இரண்டு நாளைக்காவது கார் எடுங்கள். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வேண்டும், அதை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலைச் சாலையில் வளைவுகள் அதிகம், ஆடுகள் குறுக்கே வரும். ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். மெல்தெமி வளைவில் பக்கவாட்டாக அடித்தால் பழகியவர்களே தடுமாறுவார்கள். ஓட்டாதவர்களுக்கு மலைக் கிராமங்களுக்கும் பேருந்து இருக்கிறது, தடவைகள்தான் குறைவு.

முதலில் சாங்ரி அருகே உள்ள டிமீட்டர் கோயில். விளைச்சலின் தெய்வத்துக்கு, வயல்களுக்கு நடுவே, முழுக்கப் பளிங்கில், கூரை ஓடு வரை பளிங்கில் கட்டியது. அங்கிருந்து ஹல்கி கிராமம். நம் நார்த்தங்காய்க்கு உறவான கித்ரோ மரத்தின் இலைகளிலிருந்து கித்ரோன் என்ற மதுவை அங்கே வடிக்கிறார்கள், 1896 முதல் நடக்கும் வடிசாலையில் செப்புக் கலங்களை இன்றும் பார்க்கலாம். குடிக்காதவர்கள் அந்தப் பழத்தின் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த இனிப்பைக் கேளுங்கள். மோனி கிராமத்துப் பக்கம் பனாயியா த்ரோசியானி என்ற மிகப் பழைய தேவாலயம், உள்ளே ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள். தோளை மூடிக்கொண்டு போங்கள்.

எனக்கு மனசில் தங்கியது அபிராந்தோஸ் கிராமம். தெருவே பளிங்கு. பல தலைமுறை கால் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்ட கற்கள். மழை பெய்தால் வழுக்கும். இந்தப் பக்கத்து மலைகளில் எமரி என்ற கடுங்கல்லைத் தோண்டினார்கள், உப்புத்தாள் செய்ய உலகமெங்கும் போன கல். அந்தக் கல்லைக் கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் மலையிலிருந்து மூட்சூனா துறைமுகத்துக்கு இறக்கிய கோபுரங்கள் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. வடக்குக் கோடியில் அப்போலோனாஸ். அங்கே பழைய கல் குவாரியில் ஒரு பளிங்கு மனிதர் மல்லாந்து படுத்திருக்கிறார். நீளம் 10 மீட்டருக்கு மேல். ஆறாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்கு முன், செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டது. தாடியும் பாதமும் தெரிகின்றன, முகம் இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றி வேலி எதுவும் இல்லை. மேலே ஏறாதீர்கள், அருகில் நின்று உளியின் கோடுகளைப் பாருங்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் சாஸ் மலை, ஆயிரம் மீட்டருக்குச் சற்றே உயரம், சைக்ளடீஸிலேயே உயர்ந்தது. ஃபிலோட்டி கிராமத்துக்கு மேலே உள்ள அயா மரீனா தேவாலயத்திலிருந்து ஏறும் பாதை எளிது. விடியற்காலையில் தொடங்குங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

சாப்பாடு

சைவர்கள் பயப்பட வேண்டாம். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம். அந்த நாட்களுக்கென்றே இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத சமையல் ஒன்று தழைத்திருக்கிறது. "நிஸ்தீசிமா" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆனால் இறால், கணவாய் போன்றவை நோன்பில் அனுமதி, அதனால் "தலஸ்ஸினா வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தக்காளிக்குள் அரிசி அடைத்த ஜெமிஸ்தா, பெரிய அவரைக்கொட்டை போன்ற யிகாந்தெஸ், கொண்டைக்கடலையை அடுப்பில் இரவெல்லாம் வேகவிட்ட ரெவிதாதா, கத்தரிக்காயும் உருளையும் ஆலிவ் எண்ணெயில் வாட்டிய ப்ரியாம். ஜெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறி சேர்ப்பதுண்டு, "ஹோரிஸ் க்ரேயாஸ்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டுக்கொள்ளுங்கள். நக்சோஸின் உருளைக்கிழங்கு கிரேக்கம் முழுக்கப் பேர்போனது. வறுத்த உருளைக்கிழங்கின் மேல் உள்ளூர் க்ராவியெரா பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டுத் தருவார்கள், அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

மீன் சாப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது: மீன் விலை பல இடங்களில் கிலோ கணக்கு. மீனைப் பார்த்து, எடை போடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டபின் ஒத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பொதுவாக அது உறையவைத்த மீன். ரொட்டிக்குத் தனிக் காசு போடுவது வழக்கம், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். ரசீது கொடுக்காத கடைக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது, அந்த அறிவிப்பு கடைகளில் ஒட்டியிருக்கும். அட்டை எங்கும் செல்லும். இயந்திரம் "ரூபாயில் எடுக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

பேச்சுக்கு ஆறு சொல் போதும். காலையில் கலிமேரா, மாலையில் கலிஸ்பெரா, நன்றிக்கு எஃப்ஹரிஸ்தோ, தயவுசெய்து என்பதற்குப் பரகலோ. "நே" என்றால் ஆமாம், "ஓஹி" என்றால் இல்லை. பெரியவர்கள் பலர் இல்லை என்று சொல்ல வாய் திறப்பதில்லை. புருவத்தையும் முகத்தையும் மேலே தூக்கி, நாம் "ப்ச்" கொட்டுவது போல ஒரு சத்தம். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள்

நண்பர்களோடு போகும் பயணத்தில் மூன்றாம் நாள் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் இரண்டு நாள் புதுமையில் ஓடிவிடும். மூன்றாம் நாள் மதியம் ப்ளாக்காவில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கடைசி மலைப் பேருந்து போய்விடுமே என்று. அவள் கண்ணைத் திறக்காமலே, "உனக்கு என்னோட உட்காரவே பிடிக்கலையா?" என்றாள். அந்தக் கேள்வி சுருக்கென்றது. இரவு பால்கனியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். கல்லூரி முடிந்த பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை. அவளுக்கு அந்த வருடம் வீட்டில் எவ்வளவு பாரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஏன் வெறுமனே படுத்திருக்க ஆசைப்பட்டாள் என்பதும்.

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை அவரவர் வழி. நான் மலைக்கு, அவள் கடலுக்கு. ஒரு மணிக்கு அயோஸ் யோர்யோஸில் ஒரே சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு, அங்கிருந்து இரவு வரை ஒன்றாக. தாமதமானால் ஒரு செய்தி. அவசரத்துக்கு 112 என்ற எண் இருவர் கைபேசியிலும். நக்சோஸில் இது சுலபமாக முடிகிறது, காரணம் மலையும் கடலும் அரை மணி, ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதுதான். ஐந்தாம் நாள் காலை அவளே, "அந்தப் படுத்திருக்கிற ஆளைப் பார்க்கலாம் வா" என்று அப்போலோனாஸுக்குக் கிளம்பினாள். உங்கள் நண்பருக்கும் இந்தக் காலைப் பொழுதைக் கொடுத்துப் பாருங்கள்.

திரும்பும்போது

விமானம் ஏறும் நாளில் கப்பல் பயணம் வைக்காதீர்கள். காற்று கடுமையானால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவிடும், அதை யாராலும் மாற்ற முடியாது. கப்பல் ரத்தானால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும், விமான டிக்கெட்டுக்கு அப்படி யாரும் பொறுப்பில்லை. ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வேகக் கப்பல்கள் எல்லாம் நின்றுவிட்டன, எங்களுடைய பெரிய கப்பல் மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. கையில் ஒரு நாள் இருந்ததால் துறைமுகக் காபிக் கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கூடுதல் நாளில் ஏதென்ஸின் பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸ் பார்க்கலாம். கட்டணம் 30 யூரோ, நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்க வேண்டும், காலை எட்டு மணி நேரத்தையே எடுங்கள். தீவின் நினைவு ஆறாதவர்கள் சைக்ளாடிக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய், கைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு நிற்கும் ஐயாயிரம் வருடத்துப் பளிங்குப் பெண்களைப் பாருங்கள்.

கடைசிக் காலை சின்டாக்மா சதுக்கத்தில் பொதுப் பையைக் கவிழ்த்தோம். 12 யூரோ இருந்தது. விமான நிலையம் போகும் எக்ஸ்95 பேருந்துக்கு ஆளுக்கு 5.50. மிஞ்சிய காசுக்குத் தெருவண்டியில் எள் ஒட்டிய குலூரி என்ற ரொட்டி வளையம் ஒன்று வாங்கி, பாதி பாதியாகப் பிட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினோம்.